ஒரு சொல்லுக்கு இரண்டு மச்சான்மார்

எங்கள் கரையில் படகுகளுக்கு முறை உண்டு. புறாத்தீவு பார்க்க, டொல்பின் பார்க்க யார் வந்தாலும், முறைக்கு நிற்கும் படகில்தான் ஏற வேண்டும். அது போனால் அடுத்தது. ஒரேயொரு விலக்கு: வருகிறவர் இன்ன படகுக்காரன்தான் வேண்டும் என்று கேட்டால், அவர் அவனுக்கு. என்னைக் குறிப்பிட்டுக் கேட்டு வந்தவர் அதுவரை ஒருவர்தான். அவர் கரண்ட் வெட்ட வந்தவர்.

அந்தப் பருவம் தொடங்கிய கையோடு, வருகிறவர்கள் எல்லாம் என் மச்சானைக் கேட்கத் தொடங்கினார்கள். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். என் படகுக்குப் பக்கத்துப் படகு அவனுடையது. வெள்ளைக்காரர்கள் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள், போனை நீட்டுவார்கள். அதில் மச்சானின் படகு, படகில் மச்சான், மச்சானின் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவன் கல்யாண வீட்டில்கூட நான் கண்டதில்லை.

எனக்குச் சந்தேகம் பிடித்தது. சந்தேகம் பிடிப்பதற்குப் படிப்புத் தேவையில்லை என்பதால் அதில் நான் எப்போதும் கெட்டிக்காரன். முதலில் ஹோட்டல்காரரைச் சந்தேகித்தேன், பிறகு ஆட்டோக்காரரை. ஓர் ஆட்டோக்காரனுக்கு பிளேன்டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து மெதுவாகத் தொடங்கினேன்.

"மச்சான் உனக்கு என்ன தாறான்? சும்மா சொல்லு, ஆருக்கும் சொல்லமாட்டன்."

"ஒண்டும் தாறேல்லை அண்ணே. அவையள் வரேக்கையே போனில பாத்திட்டுத்தான் வருகினம். நீங்கள் இன்னொரு வடை வாங்கித் தந்தாலும் இதுதான் கதை."

வாங்கித் தரவில்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்து விலகிக்கொண்டோம். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது யெஸ், நோ, நோ ஷார்க் மூன்றும்தான். என் மனைவி வாசிப்பாள். குசினியில் அடுப்போடு நின்றபடியே, திருகோணமலையில் டொல்பின் பார்க்கப் படகு என்று அவள் ஆங்கிலத்தில் எழுதித் தேடினாள்.

"இந்தா, முதலாவதா அண்ணா."

"நாங்கள்?"

அவள் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். "ஒரு ஆஸ்பத்திரி வருது. ஒரு கருவாட்டுக் கடை வருது. நீங்கள் இன்னும் வரேல்லை." பிறகு மேலே வந்து உற்றுப் பார்த்தாள். "அண்ணாவுக்குப் பக்கத்தில சின்னனா விளம்பரம் எண்டு கிடக்கு. காசு குடுத்து முன்னுக்கு நிக்கிறார்."

"உன்ர அண்ணனோ? சேர்ச்சில உண்டியல் வரேக்கை கண்ணை மூடிச் செபிக்கிற ஆளோ?"

"அந்த நேரம் நீங்கள் வெளியில போய் இருமிறனீங்கள்தானே. பேசாம இருங்கோ."

அடுத்த பஸ்ஸில் திருகோணமலை டவுனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடை. போன் திருத்துவார்கள், போட்டோக் கொப்பி எடுப்பார்கள், விளம்பரமும் போட்டுக் கொடுப்பார்கள். கடைக்காரர் என்னைக் கதிரையில் இருத்திவிட்டுக் கேட்டார்.

"சனம் என்னத்தை எழுதித் தேடினா நீங்கள் வரவேணும்?"

"என்ர பேரை."

"உங்களை ஆருக்கு அண்ணே தெரியும்?"

நியாயமான கேள்வி. மச்சான் நிற்கிற அதே சொல்லில் நிறுத்தச் சொன்னேன். அவர் விளங்கப்படுத்தினார். ஒரு சொல்லைப் பலர் கேட்பார்களாம். யாராவது அதை எழுதித் தேடுகிற அந்த நொடியிலேயே உள்ளே ஓர் ஏலம் நடக்குமாம். கூடுதல் விலை கேட்பவன் அநேகமாக மேலே நிற்பானாம்.

"கரையில மீன் ஏலம் கூறுற மாதிரியோ?"

"ஓம் அண்ணே, அதேதான்."

அதேதான் என்று அவர் சொன்னாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மீன் ஏலத்தில் எதிராளியின் முகம் தெரியும். அவன் எச்சில் விழுங்குவதைப் பார்த்தே எங்கே நிறுத்துவான் என்று சொல்லிவிடலாம். இங்கே யார் கேட்கிறான், உண்மையில் கேட்கிறானா என்பதே தெரியாது.

"காசு எப்ப போகும் தம்பி?"

"ஆராவது உங்கட விளம்பரத்தை விரலால அமத்தினா."

"அமத்திப்போட்டு வராட்டி?"

"அமத்தினா காசு."

"குழந்தைப்பிள்ளை பிழையா அமத்தினா?"

"அமத்தினாக் காசுதான் அண்ணே."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக, எங்கள் படகைப் போனில் யாரும் தேடவும் கூடாது, தொடவும் கூடாது என்று சட்டம் போட்டேன். ஆசையாகப் பார்க்க வந்த மனைவியின் கையையே தட்டிவிட்டேன். எங்கள் விளம்பரத்தை உலகத்தில் பார்க்காதவர்கள் நாங்கள் மட்டும்தான்.

இரண்டொரு நாளில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் இறங்கி, போனை நீட்டியது. அதில் நான்! மச்சானின் முகத்தைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான். மறுநாள் வந்தவர்களின் போனில் மறுபடி அவன். கடைக்குப் போன் எடுத்து, "தம்பி, கூட்டுங்கோ" என்றேன். மறுநாள் நான். அதற்கடுத்த நாள் அவன். இப்படியே அவனும் நானும் ஒருவர் தலையில் ஒருவர் ஏறி நின்றோம். படகு நிறைய ஆள் ஏற்றி, திரும்பி வந்து, உழைத்ததில் முக்கால்வாசியை அந்தச் சொல்லுக்கே கொடுத்தேன். டொல்பினுக்குக் கொடுத்திருந்தால் அதுவாவது கரைக்கு வந்து கும்பிட்டிருக்கும்.

காசு போனது ஒருபுறம். பெரிய பயம் வேறு. எங்கள் கரையில் படகை மணலிலிருந்து தண்ணீருக்குத் தள்ள ஆறு தோள் வேண்டும். என் வீட்டில் தோள் என்று சொல்லக்கூடியது எனது ஒன்றுதான், அதுவும் அரைத் தோள். மிச்சம் மச்சானும் அவன் வளர்ந்த மகன்மாரும் பக்கத்துப் படகுக்காரரும். மச்சான் வராவிட்டால் அவன் மகன்மார் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் என் படகு மணலில் வைத்த குளிக்கும் தொட்டி.

அவன் வந்தான். ஆனால் கதைக்கவில்லை. தோள் கொடுத்த மனிதன் உள்ளங்கையை மட்டும் கொடுத்தான். பிறகு விரல்களை. பள்ளிக்கூடச் சுவரில் பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல என் படகைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"அண்ணாவோட கதையுங்கோ," என்றாள் மனைவி. "அவர் வராட்டி நானோ வந்து தள்ளுறது?"

"அவன் கதைக்கட்டும். ஆர் முதல் தொடங்கினது?"

ஞாயிறு பூசையில் இடமில்லாமல் அவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்றார் சுவாமி. மச்சான் கையைக் கூப்பிக்கொண்டு திரும்பி, என்னைத் தாண்டி, எனக்கு அடுத்து நின்ற தூணைப் பார்த்துச் சமாதானம் என்றான். நானும் விடவில்லை. அவனுடைய செருப்பைப் பார்த்துச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை அவனும் வரவில்லை, மகன்மாரும் வரவில்லை. என்னைத் தேடி வந்த நாலு பேர் மணலில் காத்து நின்றார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் முக்கினோம். படகு முக்கவில்லை. அந்த நாலு பேரையும் வேறு படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, கோபத்தில் டவுனுக்குப் பஸ் ஏறினேன். இனிப் போனில் சரிவராது, நேரில் நின்று மச்சான் எட்டவே ஏலாத விலைக்குக் கூட்டிவிட வேண்டும்.

கடைக்குள் நுழைந்தால், கதிரையில் மச்சான். கையில் பிளேன்டீ.

"நீ இஞ்ச என்ன செய்யிறாய்?" என்றேன்.

"போன் திருத்த வந்தனான்."

"போன் எங்க?"

அவன் சட்டைப்பையைத் தடவினான். "வீட்டில. நீ?"

"போட்டோக் கொப்பி."

"என்னத்தை?"

என்னிடமும் ஒன்றும் இல்லை. கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இவ்வளவு நாளும் விளங்காதது எப்படி என்பதுதான் விளங்கவில்லை.

"தம்பி, நீர் ரெண்டு பேரையுமோ ஏத்திவிட்டனீர்? அவனிட்ட ஒரு கதை, என்னட்ட ஒரு கதையோ?"

"நான் ஒருத்தரையும் ஏத்தேல்லை அண்ணே. கூட்டு எண்டு நான் எப்பவாவது சொன்னனானோ? நீங்கள் கேட்டனீங்கள், செய்தனான். அவரும் கேட்டவர், செய்தனான்."

"மற்றக் கரைக்காரர் எல்லாம் என்ன விலைக்குக் கேக்கிறாங்கள்?" என்று மச்சான் இடையில் புகுந்தான்.

"மற்றவையோ? அந்தச் சொல்லுக்கு உங்கள் ரெண்டு பேரைத் தவிர ஒருத்தரும் கேக்கேல்லை. ஒராள் விட்டாலே விலை விழுந்திடும்."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் எல்லாம் தெரிந்தவன்போலக் கிட்டப் போய்ப் பார்த்துத் தலையாட்டினேன். மச்சானும் தலையாட்டினான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே இருக்கை. பஸ் நிலாவெளியை நெருங்கியது.

"கரையில முறை வச்சிருக்கிறம்," என்றான் மச்சான் யன்னலைப் பார்த்தபடி. "இதுக்கும் வச்சா என்ன?"

"என்னெண்டு?"

"ஒரு விளம்பரம், ஒரு போன். இண்டைக்கு என்னட்ட, நாளைக்கு உன்னட்ட. ஆரின்ர நாளில போன் அடிக்குதோ, வாற ஆள் அவருக்கு."

"முதல் நாள் ஆருக்கு?"

"விளம்பரத்தை முதல் கண்டுபிடிச்சது நான்தானே."

"அப்ப ரெண்டாம் நாளிலயிருந்து மூண்டு நாள் எனக்கு."

"இறங்கு மச்சான், இறங்கு. எங்கட இடத்தைத் தாண்டி இறக்கக்கண்டிக்குக் கொண்டு போகப் போறான்."

அவன் மச்சான் என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டே இறங்கினேன்.

என் நாள் வந்தது. போனை அவன் கொண்டுவந்து தந்தபோது சார்ஜ் அரைவாசிதான் இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டேன். பகல் முழுதும் அது அடிக்கவில்லை. விளம்பரத்தை நிறுத்திவிட்டானோ? மனைவியைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். "கிடக்குது, கிடக்குது," என்றாள். "அமத்திப் பாக்கட்டோ?" நான் பாய்ந்து பறித்தேன்.

பின்னேரம் அடித்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர். யெஸ் என்றேன். ஏதோ நீளமாகக் கேட்டார். நோ ஷார்க் என்றேன். இன்னும் நீளமாகக் கேட்டார். என் ஆங்கிலம் முடிந்துவிட்டது. கரையில் வலைக்குப் பக்கத்தில் நின்ற மச்சானிடம் ஓடினேன். அவன் ஹோட்டலில் வேலை செய்தவன், நன்றாகக் கதைப்பான். போனை வாங்கினான், கதைத்தான், என்னைப் பார்த்தான், ஏதோ சொன்னான், சிரித்தான். மறுபக்கத்திலும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்ன சொன்னவன்?"

"நாளைக்கு விடிய வருகினம். அஞ்சு பேர்."

"நாளைக்கு உன்ர நாளல்லோ?"

"அடிச்சது உன்ர நாளில. உன்ர ஆக்கள்."

விடிய ஐந்து பேரும் வந்தார்கள். நேரே என்னிடம் வந்தார்கள். மச்சானும் மகன்மாரும் வந்து படகில் தோளை வைத்தார்கள், முழுத்தோளை. படகு ஒரே தள்ளில் தண்ணீரில் இறங்கியது. நல்ல கடல், நிறைய டொல்பின். ஆனால் அந்த ஐந்து பேரும் டொல்பினை ஒருமுறை பார்த்தால் என்னை இரண்டுமுறை பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். நானும் சிரித்து வைத்தேன். மச்சான் போனில் என்னைப்பற்றி என்ன சொன்னான் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்லதாய்த்தான் சொன்னனான் என்கிறான். நல்லதற்கு யார் அப்படிச் சிரிப்பார்கள்?