இன்னா வாசனை அடிக்குது?

எங்கள் குடும்பத்தில் இத்தாலிச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் என்றால் அத்தையும் மாமாவும்தான். அதுவும் மெட்ராசில் பெரிய மனிதர்கள் காரில் வந்து இறங்குகிற ஓட்டல்களில், மேசைமேல் மெழுகுவர்த்தி எரிய, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அத்தை அதையெல்லாம் போனில் படம் பிடித்துவந்து திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் காட்டுவாள். படத்தில் அவள் கல்யாணப் பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக, பெரிய தட்டின் நடுவில் கிடக்கிற கொஞ்சூண்டு சேமியாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“இத்த துன்றதுக்கா பட்டுப்பொடவ கட்டிக்கினு போன?” என்று அம்மா சிரிப்பாள். அத்தை ஊருக்குப் போனபிறகு இரண்டு நாளைக்கு எங்கள் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கூடுதலாகக் கேட்கும்.

மாமா கெடார் என்கிற கிராமத்துக்காரர். கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தவர், பாத்திரம் கழுவுகிற வேலைக்கு மெட்ராஸ் போய், கொஞ்சம் கொஞ்சமாக ஓர் இத்தாலி ஓட்டலில் சமையல்காரராகிவிட்டார். மற்ற ஓட்டல்களில் என்ன போடுகிறார்கள் என்று தெரிந்துவர அவருடைய முதலாளி அவரை அனுப்புவார். ஆம்பளை ஒண்டியாகப் போய்த் தட்டுத் தட்டாக மோந்து பார்த்தால் பிடித்துவிடுவார்கள், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போ, பில்லை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். சாப்பிட்டு வந்ததை மாமா அதேபோலச் செய்து காட்ட வேண்டும். செய்துவிட்டால், புதிதாகத் திறக்கப்போகிற கடைக்கு அவர்தான் தலைமைச் சமையல்காரர். ஆக அவர்கள் ஜோடியாகப் போய் உட்கார்ந்தது, வேலைக்குப் போன மாதிரிதான்.

அந்த வருஷம் பொங்கலுக்குக் கெடாருக்கு வந்துவிட்டு மெட்ராஸ் திரும்பும்போது, கூட்டேரிப்பட்டு தாண்டி மாமாவின் பைக் சறுக்கிவிட்டது. மல்லாக்க விழுந்து பின்மண்டையில் தையல் போட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று மயிலம் கோயிலில் மொட்டை அடித்துக்கொண்டார். முடி வளர்ந்து தழும்பு மறைந்துவிட்டது. ஆனால் விழுந்த அடியில் அவருக்கு வாசனை தெரியாமல் போயிருந்தது. மல்லிகையும் சாக்கடையும் ஒன்றுதான். உப்பு, புளிப்பு, காரம் நாக்குக்குத் தெரியும், அதற்குமேல் எதுவும் தெரியாது. திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் சொன்னாராம். வெளியில் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். அதனால் அவரும் அத்தையும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்தக் கோடை லீவுக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. எனக்கு இது எதுவும் தெரியாது.

ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. அத்தை அவரை அடுப்படிக்குள் தனியாக விடமாட்டாள். முதலில் அவள் போவாள். ஜன்னலைத் திறப்பாள், சிலிண்டர் பக்கம் குனிந்து நிற்பாள், பிறகுதான் “ம், வாங்க” என்பாள். அவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எதிர்வீட்டு அம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

“ஊருக்கே சமைக்கிற மனுஷன், வூட்ல அடுப்பு பத்தவைக்க பர்மிஷன் வாங்கிக்கினு நிக்கிறாரு பாரு.”

“இன்னா பண்றதும்மா, இங்க நான் ஹெல்பரு” என்று மாமா சிரிப்பார்.

இவ்வளவு அதிகாரம் பண்ணுகிறாளே, பாவம் மாமா என்று எனக்கு அத்தைமேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

லீவு முடிகிற சமயத்தில் என்னையும் ஓர் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே ஏசி குளிர். பேசினால் யாராவது திட்டுவார்களோ என்கிற மாதிரி ஓர் அமைதி. கொண்டுவந்து வைத்த தட்டுகளை மாமா தொடவில்லை. அத்தை முதலில் எடுத்து, மூக்குக்கிட்டக் கொண்டுபோய், வாயில் போட்டாள். மாமா மேசைமேல் குனிந்து, மெதுவாக, “இன்னா வாசனை அடிக்குது?” என்றார்.

“கற்பூரவல்லி எல மாதிரி. கசக்கிட்டு வெயில்ல போட்டா எப்படி இருக்கும், அப்படி.”

“இது?”

“கைக்கொழந்த பால் கக்குன சட்ட.”

“கரெக்ட்டு. அது பழைய சீஸ்.” மாமா வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ விளையாட்டு என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர் சாப்பிடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிரியமாகத் தெரிந்தது.

கடைசியாக ஒரு தட்டு வந்தது. வெள்ளையாக, குழைந்த சோறு மாதிரி, மேலே எண்ணெய் விட்டிருந்தார்கள். அத்தை மூக்குக்கிட்டக் கொண்டுபோனவள் அப்படியே ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

“இன்னா?”

“கேஸ் கசியிற மாதிரி அடிக்குதுங்க.”

“அது காளான்ல எடுக்கிற எண்ண. இருக்கிறதுலயே அதான் ஒசத்தி. மொதலாளி கேட்டதே இதான்.” மாமா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார். இன்னொரு வாயும் எடுத்தார். “எனக்கு வெறுஞ்சோறு தின்ற மாதிரிதான்டி இருக்குது” என்றார். அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிப்பந்தி ஒருவர் வந்து, நல்லாயிருக்கா சார் என்று கேட்டபோது இருவரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். சாப்பாடு பிடிக்காமல் அழுகிறாள் போல என்று நான் என் தட்டை அத்தைப் பக்கம் தள்ளினேன்.

பள்ளிக்கூடம் திறக்க இருந்ததால் அத்தை என்னைத் திண்டிவனத்தில் விட வந்தாள். விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்கே திரும்புவதாகத்தான் ஏற்பாடு. மறுநாள் மாமா அந்தச் சோற்றை முதலாளிக்குச் செய்து காட்ட வேண்டும். அதற்குமுன் வீட்டில் ஒருமுறை செய்து பார்க்க அத்தையின் மூக்கு வேண்டும். ஆனால் அதை எங்கள் வீட்டில் எப்படிச் சொல்வாள்?

“அவருக்குச் சாப்பாடு இல்லண்ணி” என்றாள்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “சமையல்காரனுக்குச் சாப்பாடு இல்லையாம். கேட்டுக்கினீங்களா?”

“பொறந்த வூட்ல ஒரு ராத்திரி தங்குனா கொறஞ்சிடுவியா?” என்று அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். “மெட்ராஸ்காரி ஆயிட்டா, மெழுகுவத்தி இல்லாம எறங்காது” என்றும் சொன்னார். அந்த வார்த்தைதான் அவளை உட்காரவைத்தது. நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அத்தை வாசலுக்குப் போய் மாமாவிடம் போனில் பேசினாள். “அடுப்பத் தொடாதீங்க. வெளில வாங்கிச் சாப்பிடுங்க. காத்தால மொத பஸ்ல வந்துர்றேன்.” அம்மா எனக்குக் கண்ணைக் காட்டிச் சிரித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாமா திரும்பக் கூப்பிட்டார். அத்தை குளித்துக்கொண்டிருந்ததால் போனை நான்தான் எடுத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் பஸ்ஸுக்கு அவள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு அம்மாவிடமிருந்து போன் வந்தது. மாமா இரவு அந்தச் சோற்றைச் செய்து பார்த்திருக்கிறார். பாத்திரம் அடுப்பின்மேலேயே இருந்ததாம். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கலாம், டியூபில் கசிந்திருக்கலாம், யாருக்குத் தெரியும். தெருவில் நடந்தவர்களுக்குக்கூட வாசனை வந்ததாகப் பின்னால் சொன்னார்கள். விடியற்காலையில் மாமா எழுந்து டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கெடாருக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

சாவு வீட்டில் பேசியது எல்லாவற்றையும் என் ஒன்பது வயதுக் காது கேட்டது. “சமையக்காரனுக்கு கேஸ் நாத்தம் தெரியாதா? குடிச்சிருப்பான்” என்றார் ஒருவர். “பொண்டாட்டி கோச்சிக்கினு அம்மா வூட்டுக்கு வந்துட்டா, அதான் மனசொடிஞ்சி பண்ணிக்கினான்” என்றார் இன்னொருவர். அத்தை யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்திருந்தால் அப்பாவும் அம்மாவும் அப்புறம் என்ன ஆவார்கள் என்று நினைத்தாளோ, செத்த பிறகும் அவர் வேலையைக் காப்பாற்றுவதாக நினைத்தாளோ தெரியாது. எங்களோடுதான் வந்து இருந்தாள். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டு அவளோடு அடுப்படியில் நிற்க ஆரம்பித்த பிறகுதான், என்னிடம் மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, “ஒங்கம்மாகிட்ட சொல்லாத, தாங்காது” என்றாள். அம்மா போகிறவரைக்கும் நான் சொல்லவில்லை.

இப்போது என் வீட்டில் நான்தான் முதலில் அடுப்படிக்குள் போகிறேன். படுத்தபிறகும் எழுந்து போய்க் குனிந்து பார்க்கிறேன். வாசனை எதுவும் வராவிட்டால் எனக்குத் திருப்தி இல்லை, என் மூக்குத்தான் போய்விட்டதோ என்று பயம் வந்து, சோப்பை எடுத்து மோந்து பார்க்கிறேன். வீட்டுக்காரர் திட்டுகிறார்.

அத்தை குளிக்கப் போயிருந்த அன்று சாயங்காலம் மாமா போனில் என்னிடம் கேட்டதும் வாசனையைத்தான்.

“ஒங்க வூட்ல இப்ப இன்னா வாசனை அடிக்குது?”

“அம்மா கருவாடு வறுக்குது மாமா. நாறுது.”

“எப்படி நாறுது? அத்த மாதிரி சொல்லு.”

நான் யோசித்தேன். “மழை பேஞ்சதுக்கு அப்புறம் மீன்கூடைங்களோட வர்ற மரக்காணம் பஸ்ல ஏறுன மாதிரி.”

மாமா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்புறம், “ஆமா, அப்படித்தான் இருக்கும்” என்றார். “வேற? இன்னும் சொல்லு.”

சாம்பிராணி என்றேன். தம்பியின் ஈர டவுசர் என்றேன். ஒவ்வொன்றுக்கும், எப்படி, எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெருவில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். போனைப் பாயில் போட்டுவிட்டு ஓடினேன். அவ்வளவு பெரிய சமையல்காரர், அவருக்குத் தெரியாத வாசனையா, எனக்குத் தெரிகிறதா என்று சும்மா பரீட்சை வைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.