பழத்தோல் பெர்சிஸ்

"அண்ணாச்சி, அந்த ரம்புட்டான் தோல ஓடையில போட்டுராதீய, அது எனக்கு!" மொபெட்டை நிறுத்துவதற்குள்ளேயே கத்திவிடுகிறாள் பெர்சிஸ். குற்றாலத்தில் சாரல் விழுகிறது. தோளில் துண்டோடு கூட்டம் அருவிக்கு நடக்க, இவள் மட்டும் கடை கடையாகச் சாக்கை விரிக்கிறாள். பலாச்சக்கை, மங்குஸ்தான் ஓடு, எதுவும் தப்பாது. "ஊரே பழம் திங்க வருது, நீ தோலு பொறுக்க வாரே" என்று பழக்கடை முஃபீத் கேலி செய்வார். "தின்ன பழம் தீந்துபோச்சு அண்ணாச்சி. தோலுதான் பூவா வரும்" என்பாள்.

தென்காசியில் அவளது வாடகை வீட்டின் பின்புறம் அந்தத் தோலெல்லாம் தென்னை நார்த்தூளோடும் சாணத்தோடும் மக்கி, மாடித்தோட்டக்காரர்களுக்கு உரமாகும். கடைகளில் பாக்கெட்டில் வரும் வெளிநாட்டு பீட் மண்ணைக் கண்டாலே அவளுக்கு வேப்பங்காய். "எங்கயோ சதுப்பு நெலத்தத் தோண்டி, கப்பல்ல ஏத்தி, இங்கன ரோசாச்செடிக்குப் போடுதாவ. அது உண்டாக ஆயிரக்கணக்குல வருசமாகுமாம்! நம்ம தேங்கா மட்டைக்கு என்ன கேடு?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்து நிறுத்துவாள். பேசும்போது கை வேறு வீசும். சற்றுத் தள்ளி நிற்பது நல்லது.

ஆர்வம் மிஞ்சினால் அவளுக்குக் கண்மண் தெரியாது. போன சீசனில் புளியறைச் சாலையோரக் கடைகளில் மலையாகக் கிடந்த எச்சில் வாழையிலைகளைக் கண்டதும் கை பரபரத்துவிட்டது. பரோட்டா எண்ணெயும் சால்னாவும் ஒட்டியபடியே அள்ளிவந்து குவியலில் கொட்டினாள். இலை மக்கும், எண்ணெய் விடுமா? சில நாளிலேயே தெரு மூக்கைப் பொத்திக்கொண்டது. வீட்டுக்காரி சங்கரம்மாள் வந்து நின்றாள். "ஏட்டி, இன்னொருக்க நாத்தம் வந்துச்சுன்னா இந்தக் குமியும் இங்கன இருக்காது, நீயும் இருக்க மாட்டே." பெர்சிஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இவ்வளவு காலி இடத்தோடு வேறு வீடு யார் கொடுப்பார்?

இந்த வருஷம் எச்சில் இலைப் பக்கமே போகவில்லை. வாரம் தவறாமல் கிளறினாள். ஆவணியில் ஒரு காலை, குவியலை மூடியிருந்த சாக்கை விலக்கினாள். சங்கரம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே வந்துவிட்டாள். பெர்சிஸ் குவியலில் மண்வெட்டியைப் போட்டாள். காப்பித்தூள் நிறத்தில் உதிரி உதிரியாகச் சரிந்தது உரம். மழை பெய்த காட்டின் வாசனை!

"யக்கா, மோந்து பாருங்க! மூடாதீய, மோந்து பாருங்க!"

சங்கரம்மாள் முந்தானையை இறக்கினாள். குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்தாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். பெர்சிஸ் பரிதவித்துப்போனாள். கொஞ்ச நேரத்தில் வாடிக் கருகிய பிச்சிச்செடித் தொட்டியைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தாள் சங்கரம்மாள்.

"இதுக்கு ரெண்டு கை போடு. பொழைக்குதான்னு பாப்பம்."

பெர்சிஸ் மண்வெட்டியை வீசிவிட்டு இரண்டு கையாலும் அள்ளினாள். தொட்டி நிரம்பி, வழிந்து, சங்கரம்மாளின் பாதத்தையும் மூடிவிட்டது. அவள் இன்னும் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.