கன்ட்ரோலருக்குப் பூக் கேட்டோம்

எந்தப் பொருளை வாங்குவதானாலும் மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, அதன் பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. அரசுத் தணிக்கைப் பணியில் இருந்தவரை, அதை மீறியவர்களிடம் விளக்கம் கேட்பதே என் வேலை. ஓய்வு பெற்று அன்னூருக்கு வந்ததும், எங்கள் திருமணத் தகவல் மையத்தின் கொள்முதல் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

மையத்தின் இணையதளம் ஓடிய சர்வரில் ஒரே ஒரு வன்வட்டு. ஆடி மாதம் அது செத்தது. மையத்து அம்மணி மூன்று வருடம் ஒற்றை ஆளாகத் தட்டச்சு செய்த ஜாதகங்கள் அத்தனையும் அதோடு போயின. புது சர்வரில் இரண்டு வட்டுகள் வைத்து, இரண்டிலும் ஒரே தகவலை எழுதவைக்க ரெய்டு கன்ட்ரோலர் என்றோர் அட்டை வாங்கத் தீர்மானித்தோம். கிடைத்த விலைப்புள்ளிகள் இரண்டுதான். ஒரு அட்டையில் பேட்டரி உண்டு. எழுதும்போது மின்சாரம் போனாலும் மிச்சத்தை அது நினைவில் வைத்திருக்குமாம். பேட்டரி இல்லாத அட்டை மையத் தலைவரின் மச்சான் கடையில் இருந்தது.

"எத வேணாலும் வாங்குங்க. ஆனா கரண்ட்டு போனா நான் அடிச்சது போவாதுன்னு கம்பெனிக்காரங்க எழுதிக் குடுக்கோணும். இல்லீன்னா இன்னொருக்கா ஒரு எழுத்து அடிக்க மாட்டனுங்க" என்றார் அம்மணி.

இரண்டு கம்பெனிகளுக்கும் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. தலைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, கல்யாணத்துக்கே அம்மன்கிட்டப் பூக் கேட்டுத்தான் முடிவு பண்றோம். ஒரு அட்டைக்குக் கேக்கப்படாதுங்களா?"

கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ பேட்டரி அட்டைக்கு, சிவப்பு மச்சான் அட்டைக்கு. பூசாரி இரண்டு பொட்டலங்களை அம்மன் முன்னால் வைத்தபோது, மூன்று இல்லாமல் நடவடிக்கை செல்லாது என்றேன்.

"இத்தன வருசத்துல மூணாவது பொட்டலம் கேட்டவரு நீங்கதானுங்க" என்று பூசாரி துளசியை மடித்து வைத்தார். துளசி வந்தால் இரண்டும் தள்ளுபடி, மறுபடி விலைப்புள்ளி என்று நானே விளக்கினேன்.

தலைவர் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். துளசி.

"சாமிக்கே டெண்டர் உட்டுப்போட்டீங்களே!" என்றார் தலைவர். மறுவாக்குக் கேட்கும் வழக்கம் இல்லை என்று பூசாரி சொல்லிவிட்டார்.

எல்லாம் முதலிலிருந்து. புதுக் கடிதங்கள், நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு. ஆவணி முகூர்த்தங்கள் போயின, ஐப்பசியும் கார்த்திகையும் போயின. ஜாதகத்தோடு வந்த பெற்றோரிடம், நிலக்கடலை உரித்தபடி அம்மணி என்னைக் கை காட்டுவார். "அவரக் கேளுங்க. மூணாம் பொட்டலம் வெச்சவரு."

கடைசியில் பேட்டரி அட்டைக்காரர்களிடமிருந்து கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு கடிதம் வந்தது. மின்சாரம் போனாலும், திரும்பி வரும்வரை தகவலை பேட்டரி காக்கும். பேட்டரியை மட்டும் காலத்தில் மாற்றிவிட வேண்டும். அம்மணி அதை இரண்டு முறை படித்து, மடித்து, தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இதையே வாங்கிப்போடுங்க. நான் அடிக்கறேன். ஆனா இனி யாருங்க பொண்ணு கேட்டு வருவாங்க?"

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். கல்யாணப் பேச்சையே யாரும் எடுக்காத மாதம் அன்றுதான் பிறந்திருந்தது. பதில் வந்து சேர்ந்த தேதி, மார்கழி ஒன்று.