திங்கட்கிழமை விளக்கு

எங்கள் வீட்டில் எதற்குத் தேதி வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்பார்கள். சிலிண்டர் மாற்றிய நாள், மோட்டார் காயில் எரிந்த நாள், மாடி முதன்முதலாக ஒழுகிய மழை நாள் எல்லாம் என்னிடம் இருக்கும். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி, மாதக் கடைசியில் கிளிப் போட்டு பிஸ்கட் டப்பாவில் வைத்துவிடுவேன். நாட்குறிப்பு எழுதுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பல் வந்த நாளை எழுதினார்கள். நான் சிலிண்டர் வந்த நாளை எழுதுகிறேன். என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, எனக்கு வைத்த பெயர் பஞ்சாங்கம்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரே வீட்டில் கீழே நாங்கள், மாடியில் அவர்கள். அடுப்பு இரண்டு, சாமி அறை ஒன்று. காலையில் ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்புமுன் விளக்கேற்றுவது அவள் பொறுப்பு. தூரமான மூன்று நாளும், "அக்கா, நீங்க ஏத்திடுங்க" என்று மாடிப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். எனக்கு அந்தத் தொல்லை நின்று நான்கு வருடமாகிறது. அந்த நாள்களில் என் தாளில் "விளக்கு: நான்" என்று இருக்கும். அதை எதற்காகவும் எழுதவில்லை. எழுதும் பழக்கம், அவ்வளவுதான்.

சித்திரையில் நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போனபோது அங்கிருந்த சிஸ்டர், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொன்னார். வினிகர் போன்ற ஒன்றைத் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரியவில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் ஓரகத்தியிடம் சொன்னேன். அவளுக்கு நாற்பத்தொன்று. இந்த வயதில் கட்டாயம் பார்க்க வேண்டியது.

"செவ்வாதானே? எனக்கு லீவு நாளு. போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

வைகாசியில் ஒரு செவ்வாய் தனியாகப் போனாள். மதியம் திரும்பி வந்து, "சிஸ்டர் இல்லக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அதில் வியப்பில்லை. அங்கே பலகையில் 'செவ்வாய்தோறும்' என்று இருந்தது. ஆனால் அந்தப் பரிசோதனைக்குப் பயிற்சி எடுத்தவர் அந்த ஒரு சிஸ்டர்தான். தடுப்பூசி முகாம், பள்ளிக்கூட முகாம், வேறு நிலையத்தில் லீவு என்று எங்கே ஆள் குறைந்தாலும் அவரைத்தான் அனுப்புவார்கள். வலியோடு ஒரு கர்ப்பிணி வந்தால் ஆம்புலன்ஸில் கூட ஏறிப் போவதும் அவர்தான். ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாத்திரை வாங்கும் சாக்கில் போய், வரும் செவ்வாய் சிஸ்டர் இருப்பாரா என்று கேட்டு வந்து ஓரகத்தியிடம் அறிவிப்பேன்.

இருப்பார் என்று அறிவித்த ஒவ்வொரு முறையும் இவளுக்கு ஒத்துவரவில்லை. "தூரமாயிட்டேன்க்கா. அந்த நேரத்துல பாக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" நான்தான் சொல்லியிருந்தேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள், டப்பாவில் இருந்த தாள்களை எடுத்து "விளக்கு: நான்" என்று இருந்த தேதிகளை மட்டும் ஒரு நோட்டில் பெயர்த்தெழுதினேன். எழுதி முடித்ததும் எண்ணிப் பார்த்தேன். ஆனியில் இரண்டு முறை, ஆடியில் இரண்டு முறை, ஆவணியில் மூன்று. மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் படுவது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று என்று படித்திருக்கிறேன். அவளிடம் கேட்கப் பயந்தேன். கொழுந்தனாரிடம் சொல்லக் கூச்சம். புரட்டாசி பிறந்ததும் ஒரு செவ்வாய் நோட்டை எடுத்துக்கொண்டு நானே சிஸ்டரிடம் போனேன்.

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். சுவரில் இருந்த நாள்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாக விரலால் தேடினார்.

"மாசாமாசம் ஒண்ணு ஒழுங்கா வருதும்மா. நடுவுல வர்றது பாருங்க, எல்லாமே திங்கக்கெழம ஆரம்பிக்குது. அதுவும் நான் இங்க இருந்த செவ்வாய்க்கு மொத நாளு. நான் முகாமுக்குப் போன வாரத்துல ஒண்ணுமே இல்ல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரத்தத்துக்குக் கெழம தெரியுமா?"

தேதியைப் பார்த்தேன், கிழமையைப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் நாள் எழுதிய எனக்கு அது பெரிய வெட்கம். வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது.

"பயப்படுறாங்க போல. எப்படியாவது சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. எனக்குக் காரைக்காலுக்கு ஆர்டர் வந்துடுச்சு. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் இங்க."

"உங்களுக்குப் பதிலா?"

"வருவாங்க. ஆனா இதுக்குன்னு தனியா பயிற்சி எடுக்கணும். அது எப்பன்னு எனக்கே தெரியாது."

அன்று ஓரகத்திக்கு லீவு. மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நோட்டை எதிரில் வைத்தேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"என் தூரத்தையெல்லாமா நோட்டு போட்டு எழுதுவீங்க? நாளைக்கு நான் செத்தாக்கூட மணி நிமிஷத்தோட குறிச்சு வப்பீங்க!"

"அதுக்குப் பயந்துதான்டி வந்திருக்கேன்."

அவள் ஒரு போர்வையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அன்னிக்கு சிஸ்டர் இல்லன்னு சொன்னது பொய்யிக்கா. இருந்தாங்க. திரைக்குப் பின்னாடி படுக்கச் சொன்னாங்க. பொடவைய ஏத்திக்கிட்டு, காலை மடக்கிப் படுத்துட்டேன். அவங்க கையில உறையப் போடுறாங்க, போன் வருது. யாருக்கோ வலி வந்துடுச்சாம். தோ வந்துட்டேம்மான்னு ஓடுனாங்க. நான் அப்படியே கெடக்கேன். ஃபேன் காத்துல திரை தூக்குது. வெளிய ஆம்பளைங்க இருமுற சத்தம் கேக்குது. எழுந்துக்கலாமா வேணாமான்னே தெரியல. அரை மணி நேரம் பொறுத்து நானா எழுந்து கட்டிக்கிட்டு வந்துட்டேன். அவங்க மேல தப்பில்ல. ஆனா இன்னொரு வாட்டி என்னால அப்படிக் கெடக்க முடியாது."

மறுநாளே போய் இதை அப்படியே சிஸ்டரிடம் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, அவங்களா? திரும்பி வந்து தேடினேன்மா. ஆளக் காணோம். கடைசி செவ்வா எட்டரைக்கு, ஓபி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வரச் சொல்லுங்க. கதவைத் தாழ் போட்டுக்கறேன். போன் உங்ககிட்ட இருக்கட்டும்."

இவளிடம் அதைச் சொன்னபோது சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்க்கு முந்தின திங்கள் காலை நான் எழுந்தும் எழாதவள் போலப் படுத்திருந்தேன். மாடிப்படியில் காலடி கேட்டது. குரல் வருமோ என்று காத்திருந்தேன். சாமி அறையில் தீக்குச்சி உரசும் சத்தம்தான் வந்தது.

செவ்வாய் எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். "செவ்வாய் வெறுவாய்ம்பாங்க, நமக்கு இன்னிக்குத்தான் எல்லாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். தாழ் விழுந்தது. சிஸ்டரின் போனைப் பிடித்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மணி பார்த்தேன். மூன்றாவது நிமிடம் போன் அடித்தது.

"சிஸ்டர், முகாமுக்கு வண்டி ரெடியா நிக்குது."

"சிஸ்டர் கையில வேலையா இருக்காங்க. பத்து நிமிஷம் பொறுத்துக் கூப்பிடுங்க."

"நீங்க யாரு?"

"போனப் பாத்துக்கறவங்க."

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. அதே ஆள். "பத்து நிமிஷம் இன்னும் ஆகல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒன்பதாவது நிமிடம் கதவு திறந்தது. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே இவள் வெளியே வந்தாள். "இவ்ளோதானாக்கா? இதுக்கா மூணு மாசம் சாமிக்கே பொய் சொன்னேன்?"

பின்னாலேயே சிஸ்டர் வந்தார். "ஒரு திட்டும் இல்ல, நல்லா இருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தாப் போதும். நடுவுல ரத்தம் பட்டா மட்டும் உடனே வந்துடணும். திங்கக்கெழமையா இருந்தாலும்." மூன்று பேரும் சிரித்தோம். கையில் இருந்த போன் திரும்பவும் அடித்தது. இந்தத் தடவை உரியவரிடமே கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் காரைக்காலுக்குப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவர் நல்ல பெண். பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாராம், இன்னும் கூப்பிடவில்லை. எங்கள் தெருவில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அதனால் சனிக்கிழமைகளில் போய்க் கேட்டு வருவதை நான் நிறுத்தவில்லை. ஐந்து வருடம் கழித்து வரவேண்டிய நாளுக்கு இன்னும் நாள்காட்டி அச்சாகவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கிழமையோடு.

ஐப்பசியில் ஒரு காலை, அடைமழை. மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, விளக்கு நீங்க ஏத்திடுங்க."

நான் எட்டிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தாள்.

"இன்னாக்கா அப்பிடிப் பாக்குறீங்க? திங்கக்கெழமதான். ஆனா இது நெசம். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.