பரணில் இருந்த கருவாடு

ஜப்பான்காரன் காலத்தில் பாப்பம்மா டவுன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். குருண் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயத்து வரிசையில் வீடு. புருஷன் முனியாண்டியைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. ஓரளவு தேறியவர்களை வெளியே அனுப்பினார்கள். அவர்களில் இரண்டு பேருக்குப் போக்கிடம் இல்லை. ஜப்பான் சரக்குக் கப்பலுக்கு மணிலாவிலிருந்து இழுத்து வரப்பட்டவர்கள். கப்பல்மேல் குண்டு விழுந்து கரை சேர்ந்தவர்கள். பெலிப்பேக்குக் கை முறிந்திருந்தது. மத்தேயோவுக்குப் பாதம் நசுங்கியிருந்தது. அவர்கள் பேசியது ஸ்பானிய மொழி என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் சின்னையா சொன்னார். அவருக்கும் அது தெரியாது.

பாப்பம்மா இருவரையும் மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"ஏன்டி, பாசை தெரியாத ரெண்டு ஆம்பளைய கொண்டாந்து வச்சிருக்கியே, ஜப்பான்காரன் கேட்டா எந்த வாயால பதில் சொல்லுவ?" என்றாள் பக்கத்து வீட்டு ராக்காயி.

"ஒன் வாயக் குடு அக்கா. அது ரெண்டு ஊருக்குக் காணும்."

ராக்காயி சிரித்துவிட்டாள். பாப்பம்மா குரலைத் தாழ்த்தினாள். "சயாம்ல எங்க ஆளுக்கு எவளாச்சும் ஒரு வாய் தண்ணி ஊத்த மாட்டாளாக்கா?"

பேச்சு சைகையில் ஓடியது. அவர்கள் 'தண்ணி', 'போதும்' கற்றுக்கொண்டார்கள். அவள் 'பெஸ்காதோ' கற்றுக்கொண்டாள். மீன். மத்தேயோ உள்ளங்கையை நெளித்து நீந்திக் காட்டி, தினமும் அதைத்தான் கேட்டான்.

மீன் இல்லாமலில்லை. தஞ்சோங் டாவாய்க் கடற்கரையிலிருந்து வரும் மீன்காரர் மஜீத், மரவள்ளிக் கிழங்குக்கு மாற்றாகக் கருவாடு கொடுத்திருந்தார். அதைச் சட்டியில் மூடிப் பரண்மேல் வைத்திருந்தாள். புண்ணுக்கு மீன் ஆகாது, சீழ் கோத்துக்கொள்ளும். அவள் அம்மா வீட்டிலும் அதுதான் பத்தியம், லயம் முழுக்க அதுதான்.

"ஆறட்டும் தம்பி, அப்புறம் தின்னலாம்" என்று புண்ணைக் காட்டிக் கையை விரிப்பாள். மத்தேயோவுக்குப் புரியும். தலையாட்டிவிட்டு அவித்த கிழங்கைத் தின்பான்.

பெலிப்பே அடங்கவில்லை. வாய்க்காலில் ஒற்றைக் கையால் கெளுத்தி பிடித்து, ரப்பர் மரத்தடியில் சுட்டுத் தின்றான். நண்பனுக்கும் கொண்டுவந்தான். பாப்பம்மா பிடுங்கி எறிந்தாள்.

"ஒன் கை எக்கேடும் கெட்டுப்போகட்டும்லா! அவன் கால விட்டுடு!"

பாதத்துப் புண் அழகாக மூடிவந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கால் வீங்கத் தொடங்கியபோதுகூட, நடக்காமல் உட்கார்ந்தே இருப்பதால் என்று எண்ணெய் தேய்த்துவிட்டாள். மூச்சு இரைத்த பிறகுதான் சின்னையாவை அழைத்து வந்தாள்.

அவர் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது.

"என்னம்மா குடுத்தே சாப்பிட?"

"கிழங்குதான்யா. மீனக் கண்ணுலகூடக் காட்டல."

சின்னையா அவளைப் பார்க்காமல் பேசினார். "வெறும் கிழங்கத் தின்னு சத்தில்லாம வர்ற வீக்கம்மா இது. மீனு, பச்சப்பயறு, தவிடு. இதுல எது கெடச்சிருந்தாலும் தாங்கியிருப்பான்."

பாப்பம்மா பரணிலிருந்து சட்டியை இறக்கினாள். கருவாட்டைச் சுட்டு, முள் எடுத்து, மத்தேயோவின் வாயில் வைத்தாள். அவன் மென்றான். விழுங்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, அவள் சொல்லிக்கொடுத்த சொல்லையே சொன்னான்: "போதும்."

மத்தேயோவைத் தோட்டத்து எல்லையில் புதைத்தார்கள். குழி மூடியதும் பெலிப்பே தெற்கே நடந்தான். அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் பேச்சைக் கேட்காததால்தான் அவன் பிழைத்தான். மற்றவன் அவளை நம்பினான். அது அவளைப் பிறகு தூங்கவிடவில்லை.

சண்டை ஓய்ந்து முனியாண்டி திரும்பினான், கெண்டைக்காலில் புரையோடிய புண்ணோடு. அன்றைக்கே அவள் அடுப்பில் மீனை ஏற்றினாள். வாசம் பிடித்து ராக்காயி ஓடிவந்தாள்.

"அடியே, புண்ணுக்காரனுக்கு மீனா?"

முனியாண்டியும் தட்டைப் பார்த்துத் தயங்கினான். "ஆகாதே புள்ள?"

"ஆகும், தின்னுங்க" என்றாள் பாப்பம்மா. முள்ளை எடுத்து அவன் வாயில் வைத்தாள். அவன் முதல் வாயை விழுங்கும்வரை அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.