ஓம் சொன்ன இயந்திரம்

கல்முனையில் கலியாணக் காட் அடிப்பதென்றால் முஸ்பிறா வேலை செய்யும் அச்சகத்துக்குத்தான் அநேகம் பேர் போவார்கள். மாப்பிள்ளையின் பட்டத்தை முன்னுக்குப் போடு, மாமனாரின் பேரோடு ஹாஜியைச் சேர், பெண்ணின் பேரில் இன்னொரு எழுத்தைக் கூட்டு என்று அவர்கள் சொல்லச் சொல்ல, கணினிக்கு முன்னால் இருந்து முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பாள். மாற்றச் சொன்னால் மாற்றுவதுதான் அவள் தொழில். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு சொல்லை மாற்றமாட்டேன் என்று கொழும்பில் போய் நின்றாள்.

அவள் ஒரு விஞ்ஞான நாவல் எழுதி, தன் கையாலேயே பக்கம் வடிவமைத்து அச்சடித்திருந்தாள். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. காட் அடிக்கிறவளுக்கு ரொக்கட் எதற்கு என்று கேட்டது. நாவலில் ரொக்கட்டே இல்லை. வாசித்திருந்தால் அல்லவா தெரியும்? கரையோர ஊர்களெல்லாம் கடலுக்குள் போய்விட்ட காலத்துக் கதை அது. கடலடியில் ஒரு இயந்திரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு தாய் ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு கரைக்கு வந்து, தொலைந்த மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அதைக் கேட்டுக் கேட்டே மனிசப் பேச்சைப் பழகிய இயந்திரம், கடைசிப் பக்கத்தில் பதில் சொல்கிறது: "ஓம் உம்மா."

கொழும்பில் விஞ்ஞானப் புனைகதைக்காரர்களின் மாநாடு. மண்டபம் முழுக்கக் கதாபாத்திர வேசத்தில் வெள்ளித்தாள் சுற்றிய இளசுகளும், தகரத் தலை மாட்டியவர்களும். வாசலில் நின்ற பிள்ளையொன்று முஸ்பிறாவின் கறுப்பு அபாயாவை மேலும் கீழும் பார்த்து, "சூப்பர்! நீங்க எந்தக் கெரக்டர்?" என்று கேட்டது.

"நான் கல்முனைக்குடி முஸ்பிறா. இது வேசமில்ல, என்ட உடுப்பு. புத்தகம் எழுதின ஆள் நான்தான்."

பின்னால் புத்தகப் பெட்டியைச் சுமந்து வந்த புருசன் றிபாஸ் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

மதியத்துக்குப் பிறகு அவள் மேசைக்குச் சென்னைப் பதிப்பாளர் கார்மேகம் வந்தார். காலையில் வாங்கிய புத்தகத்தை அதற்குள் முடித்திருந்தார்.

"பிரமாதம் மேடம். சென்னையில நாங்களே போடறோம். ஒரே ஒரு சின்னத் திருத்தம்தான். கடைசியில அந்த மெஷின் எதுக்கு மந்திரம் சொல்லுது?"

"என்ன மந்திரம்?"

"ஓம்னு சொல்லுதே! முஸ்லிம் அம்மா கிட்டப் போயி ஓம்னா, வம்பாயிடாதா?"

முஸ்பிறா வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயா, நீங்க ஆமாம் எண்டுறதத்தான் நாங்க ஓம் எண்டுற."

அவரும் சிரித்தார், ஆனால் விடவில்லை. "எனக்குப் புரியுது. எங்க வாசகருக்குப் புரியாது. 'ஆமாம்மா'ன்னு போட்டா அச்சுக்குப் போயிடலாம். ஒரு சொல்லுதானே, அதுல என்ன இருக்கு?"

சென்னையில் புத்தகம் வருவதென்றால் சும்மாவா? சிரித்த ஊரின் வாய் அன்றோடு அடைபடும். முஸ்பிறாவுக்கு அந்த ஆசை நெஞ்சு கொள்ளாமல் இருந்தது.

ஆனால் அந்தச் சொல்லில் என்ன இருக்கிறதென்று அவளுக்கல்லவா தெரியும்! சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று, தப்பியவர்கள் ஒதுங்கிய பள்ளிக்கூடத்தில் உம்மா பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "முஸ்பிறா!" "ஓம் உம்மா!" "ஹாஜறா!" தங்கச்சியிடமிருந்து பதில் வரவில்லை. உம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டும் வரவில்லை. அன்று வராத பதிலைத்தான் முஸ்பிறா வருசக்கணக்காக எழுதி எழுதி அந்த இயந்திரத்தின் வாயில் வைத்திருந்தாள்.

றிபாஸுக்கு இது தெரியும். அவளை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், "ஹாஜறாட விசயத்தச் செல்லு புள்ள. மனிசன் உருகி விட்டிருவார்" என்றான்.

முஸ்பிறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ட தங்கச்சியக் காட்டியா ஒரு சொல்லுக்கு இடம் கேக்கிற? அது நம்மட வாயில இரிக்கிற சொல். அதுக்கு ஏன் காரணம் செல்லணும்? அவங்கட ஊர்ப் பேச்ச நாம விளங்கித்தானே வாசிக்கம்? நம்மடத அவங்களும் விளங்கட்டும்!"

அன்று பின்னேரம் எழுத்தாளர்கள் மேடையேறித் தங்கள் புத்தகங்களைப் பற்றிச் சொன்னார்கள். முன்னால் போனவர்கள் திரையில் படம் காட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள். முஸ்பிறாவிடம் புத்தகம் மட்டும்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தை விரித்து, தாய் கூப்பிடுவதிலிருந்து வாசித்தாள். எங்கே குரல் உடைந்துவிடுமோ என்று றிபாஸ் பயந்தான். உடையவில்லை. "ஓம் உம்மா" என்ற இடத்தில் மட்டும் தலையை நிமிர்த்தி, முன்வரிசையில் இருந்த கார்மேகத்தைப் பார்த்து, சண்டைக்கு நிற்பவள் மாதிரிச் சத்தமாகச் சொன்னாள். மண்டபத்தில் ஒரு தகரத் தலைகூட அசையவில்லை.

இறங்கி வந்தபோது கார்மேகம் எழுந்து வழியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ, அந்தச் சொல்ல மாத்தவே மாட்டீங்க?"

"ஓம்" என்றாள் முஸ்பிறா.

அதற்கு என்ன அர்த்தமென்று அவர் கேட்கவில்லை.