எந்த அட்டைக்கு மருந்து

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்று வளர்த்தது நான்கு பிள்ளைகள். வேலையில் வளர்த்த சுண்டெலிகளுக்குக் கணக்கில்லை.

பெங்களூர் பக்கம் ஜூஜுவாடி போகும் வழியில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனி. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் இருக்கும். அங்கே எலிகளை வைத்திருக்கும் அனிமல் ஹவுஸில் கூண்டு கழுவி, உமி மாற்றி, தீனி வைப்பது என் வேலை. கூட வேலை செய்தவள் ரத்னம்மா, அத்திப்பள்ளிக்காரி.

அந்த வருஷம் எலிகளுக்கு மார்புக் கட்டி வரவைத்து, செலினியம் சேர்த்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். செலினியம் மண்ணில் இருப்பது, உடம்புக்குத் துளி வேண்டும், மிஞ்சினால் விஷம் என்றார் ஆராய்ச்சியை நடத்திய மேடம். நல்லதா கெட்டதா, எனக்குப் பிடிபடவில்லை. கட்டியை வெர்னியர் என்ற அளவுக் கருவி வைத்து அளப்பார். என் பெரிய மகன் தன் கம்பெனியில் போல்ட் அளப்பதும் அதில்தான்.

பாதிக் கூண்டுகளில் நீல அட்டை, பாதியில் மஞ்சள்; ஒரு நிறத்துக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர் என்றார்கள். நீலத்தில் கட்டி சிறுத்தது போல என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒருநாள் துணி மாற்றும் அறையில் ரத்னம்மா என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள். புளியங்கொட்டை போலக் கெட்டியாக ஒரு கட்டி இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனியாடி?"

"போனா அறுத்துடுவாங்கக்கா. நீல அட்டை மருந்துல ரெண்டு சொட்டு எடுத்துக் குடு. எலிக்குக் கரையுது, எனக்குக் கரையாதா? வேணும்னா உன் மகன்கிட்ட வெர்னியர் வாங்கியாந்து அளந்துக்கோ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மேடத்திடம் கேட்டேன். "நீல அட்டைக்குத்தானே மேடம் மருந்து?"

"எனக்குத் தெரியாதும்மா."

"குடுக்கறதே நீங்கதானே?"

"ரெண்டு பாட்டிலும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். எதுல மருந்துன்னு பெங்களூர் ஆபீஸ்ல ஒருத்தருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சா, அளக்கறப்ப என் கண்ணே என்னை ஏமாத்திடும். ஏன் கேக்கறீங்க?"

ரத்னம்மாவின் கட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மேடம் கையுறையைக் கழற்றினார்.

"எலிக்கு நல்லாயிருந்தாலும் ஆளுக்குக் குடுக்கப் பல வருஷம் ஆகும். அதுவரைக்கும் அவங்க கட்டி காத்திருக்காது. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க."

ரத்னம்மாவிடம் வந்து, "குடுக்கறவங்களுக்கே எது மருந்துன்னு தெரியாதாம்டி" என்றேன்.

"அப்ப யாரத்தான் நம்பறது?"

"அறுக்கறவங்களுக்கு எதை அறுக்கறோம்னாவது தெரியும். கெளம்பு."

இருவரும் லீவு போட்டு பஸ் ஏறினோம். ஒரு மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றியதில் முடி கொட்டி, மறுபடி முளைத்தது. திரும்பக் கூண்டு கழுவ வந்தாள்.

அதற்குள் கட்டி சிறுத்த எலிகளையும் கொன்று உள்ளே பார்த்துவிட்டார்கள். பிழைத்ததை ஏன் கொல்ல வேண்டும்? நீலத்தில் இருந்தது மருந்தா, இல்லையா? இன்றுவரை விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். மேடம் அன்றைக்குத் தெரிந்த மாதிரி தலையாட்டியிருந்தால், நான் அந்த இரண்டு சொட்டை எடுத்திருப்பேன். தெரியாது என்று சொல்கிறவரை நம்பலாம்.

அம்மு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைத் திருப்பிப் படி. ரத்னம்மா சிரிச்சத விட்டுடாத.